பெற்றோலையும் மறி, தீயையும் மறி: எங்கள் சிவிக்குக்குக் காவல் போட்ட கதை

விடியப் படலை திறக்கப் போனபோதுதான் கண்டேன். காரின் இடப்பக்கப் பின் சில்லில் நாலு நட்டில் மூன்று இல்லை. பக்கத்தில் செம்மண்ணில் ஜாக்கி அழுத்திய சதுரம். ஜாக்கி புதையாமல் இருக்க, எங்கள் கிணற்றுக் கட்டடியில் கிடந்த கல்லையே எடுத்து அடியில் வைத்திருந்தார்கள். நாலாவது நட்டு துருப்பிடித்து இறுகியது, நானே அதோடு ரயர்க் கடையில் மல்லுக்கட்டியிருக்கிறேன். அதன் மூலைகள் தேய்ந்து வழுக்கிப்போய் நின்றன. அந்த ஒரு நட்டுத்தான் சில்லைக் காப்பாற்றியது. இரவு நாய் குரைத்தது, அம்மா எழும்பி வெளி லைற்றைப் போட்டா, பிறகு சத்தம் இல்லை. கிளிநொச்சிப் பக்கத்து எங்கள் வட்டக்கச்சியில் இரவில் நாய் குரைப்பது புதினம் இல்லை. பன்றி வந்தாலும் குரைக்கும், ஆனை வந்தாலும் குரைக்கும்.

என்னுடையது 1997ஆம் ஆண்டு ஹொண்டா சிவிக், ஈ.கே.4, ஜப்பானில் ஓடி வந்தது. வெளியில் பார்த்தால் ஊரில் ஓடுகிற மற்றப் பழைய சிவிக்குகளைப் போலத்தான் இருக்கும். பொனற்றைத் திறந்தால் பி16ஏ எஞ்சின்: 1595 சீ.சீ., டர்போ இல்லாமலே 170 குதிரைவலு. ஐயாயிரத்து ஐந்நூறு சுற்றைத் தாண்டும்போது வீ-டெக் (உயர்ந்த சுற்றில் வால்வுகளைக் கூடத் திறக்கிற ஹொண்டாவின் ஏற்பாடு) பிடித்துச் சத்தம் மாறுகிற அந்தக் கணத்துக்காகத்தான் நான் ஆறு வருடம் காசு சேர்த்தேன். வாங்கிய அன்றே முறிகண்டிப் பிள்ளையாரிடம் கொண்டுபோய்த் தேங்காய் உடைத்து, எலுமிச்சம்பழத்தைச் சில்லால் நசித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தது.

இப்படிப்பட்ட காரில் கள்ளனுக்குக் கார் தேவையில்லை, உள்ளே இருப்பதுதான் தேவை. எஞ்சினும் கியர்பெட்டியும் வேறொரு சிவிக்குக்குப் போகும். சில்லு நாலு நட்டு, 100 மில்லிமீற்றர் வட்டம். எத்தனையோ சின்னக் கார்களுக்கு அப்படியே பொருந்தும், கேள்வி இல்லாமல் விலைப்படும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவைத் திறந்தார்கள், அதுவும் கடும் வரியோடு. இடைப்பட்ட காலத்தில் பழைய காரும் அதன் ஒவ்வொரு உறுப்பும் பொன்னாகிப் போனது. காரை முழுதாகத் தூக்கினாலும் ஏ-9 வீதியில் ஏற்றிவிட்டால் விடியமுன் எங்கேயோ போய்விடும்.

அன்றைக்கே கிளிநொச்சிப் பொலிஸில் முறைப்பாடு எழுதிவிட்டு வந்து, ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு இருந்தேன். மூன்று மாதமாகச் செய்ததும் பிழைத்ததும் அந்தக் கொப்பியில் இருந்துதான் இங்கே வருகிறது. எங்கே எதை ஒளித்திருக்கிறேன் என்பதை மட்டும் எழுத மாட்டேன். அதை எழுதினால் செய்த வேலை எல்லாம் வீண்.

முதலில் திறப்பு. கனடா ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் ஒருவன் தன்னுடைய கீலெஸ் காரை (திறப்பு கிட்ட இருந்தாலே திறந்து ஸ்டார்ட் ஆகிற வகை) வீட்டு வாசலிலேயே இழந்தவன். திறப்பு வீட்டுக்குள் கதவடியில் தொங்கியது. ஒருவன் அந்தக் கதவுக்கு வெளியே அன்ரெனாவைப் பிடிக்க, திறப்பின் சிக்னல் காரடியில் நின்ற மற்றவனுக்குப் போயிருக்கிறது. கார் தன் திறப்பு பக்கத்தில் நிற்கிறது என்று நம்பித் திறந்து ஸ்டார்ட் ஆகிவிட்டது. அவன் இப்போது திறப்பை மூடி இறுக்கமான தகர பிஸ்கட் டின்னில் போட்டு வைக்கிறான். வெறும் டின்தான், ஆனால் சரியான வேலை: உள்ளே வைத்துக்கொண்டு காரடிக்குப் போய்க் கதவை இழுத்துப் பார்த்தால் திறக்கக்கூடாது, அதுதான் சோதனை. உங்களிடம் கீலெஸ் கார் இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள்.

என் காருக்கு அந்த வருத்தம் இல்லை, வேறு வருத்தம். சாதாரண இரும்புத் திறப்பு, சிப் இல்லை, இம்மொபிலைசர் (திறப்பில் சரியான சிப் இல்லாவிட்டால் எஞ்சினைப் பிடிக்கவிடாத சாமான்) இல்லை. ஐரோப்பாவில் 1998 ஒக்டோபரில் இருந்து புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயம். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்த என்னுடைய காரில் அந்தச் சாமானே கிடையாது. பரந்தனில் இருக்கிற சிநேகிதனிடம் இன்னொரு பழைய ஹொண்டாவின் திறப்பு இருந்தது, பல்லெல்லாம் தேய்ந்து வாழைப்பழத் தோல் மாதிரி வழுவழுவென்று. அதை என் சாரதிக் கதவில் விட்டு மெல்ல ஆட்டினான். மூன்றாவது ஆட்டில் பூட்டுத் திறந்தது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இருபத்தைந்து வருடம் தேய்ந்த பூட்டும் தேய்ந்த திறப்பும் சேர்ந்தால் எல்லாம் ஒரே திறப்புத்தான். கதவுப் பூட்டும் இக்னிஷன் பூட்டும் சோடியாகப் புதிது வாங்கிப் போட்டேன். எல்லா வேலையிலும் காசு கூடப் போனது இதற்குத்தான்.

சில்லுக்கு லொக் நட்டு, சில்லுக்கு ஒன்று. அதன் சாவியைக் காருக்குள் டாஷ்போட் பெட்டியில் வைக்காதீர்கள், கதவை உடைத்தவன் முதலில் பார்ப்பது அங்கேதான். ஸ்டியரிங்கில் மஞ்சள் நிறக் கம்பிப் பூட்டு. ஸ்டியரிங் வளையத்தை வாளால் அறுத்தால் அந்தப் பூட்டுக் கழன்று வரும், அது எனக்குத் தெரியும். ஆனாலும் கண்ணாடியால் எட்டிப் பார்க்கிறவனுக்கு அது தெரிய வேண்டும், அதற்குத்தான் மஞ்சள்.

இனி வயரிங். என் கொப்பியில் பாதி இதுதான்.

திட்டம் சின்னது. பெற்றோல் பம்புக்குப் போகும் கரண்டை ஓர் ஒளிவுச் சுவிச்சால் மறிப்பது. இந்தக் காரில் திறப்பை ‘ஓன்’ பண்ணியதும் பம்பு இரண்டு வினாடி ஓடி நிற்கும். பின் சீற்றடியில் காதை வைத்தால் ‘ங்ஙீ’ என்று கேட்கும். எஞ்சின் சுற்றத் தொடங்கினால்தான் திரும்ப ஓடும். ஆகவே சரியான வயரைப் பிடிக்க லேசான வழி இருக்கிறது. டெஸ்ட் லாம்பின் கிளிப்பை எர்த்தில் மாட்டி, ஊசியைச் சந்தேகப்படும் வயரில் குத்தி, இன்னொருவரைக் கொண்டு திறப்பைத் திருப்புவியுங்கள். எந்த வயரில் இரண்டு வினாடி மட்டும் எரிந்து அணைகிறதோ அதுதான். வயர் நிறத்தை நம்ப வேண்டாம். எத்தனை பேர் கை வைத்த காரோ யாருக்குத் தெரியும்.

பம்பு ஐந்து அம்பியர் அளவில் இழுக்கும். அந்தக் கரண்டை நேரே சின்னச் சுவிச்சுக்குள்ளால் விட்டால் சுவிச் கருகும். இடையில் றிலே வேண்டும், சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற மின்காந்தச் சுவிச். சாதாரண 12 வோல்ற் 30 அம்பியர் றிலேயின் சுருள் கிட்டத்தட்ட 0.15 அம்பியர்தான் கேட்கும். ஆகவே சுவிச்சுக்குத் தலைமயிர் போன்ற வயர் போதும். அதை எங்கேயும் ஒளிக்கலாம். நான் சுவிச்சே வைக்கவில்லை. ரீட் என்று ஒரு சாமான் இருக்கிறது. நெல்மணியை இரண்டு மடங்கு நீட்டின அளவில் ஒரு கண்ணாடிக் குழாய், உள்ளே தொடாமல் நிற்கிற இரண்டு மெல்லிய தகடு. காந்தம் கிட்ட வந்தால் ‘டிக்’ என்று தொடும். பிளாஸ்ரிக்குக்குப் பின்னால் ஒட்டிவிட்டால் வெளியில் பொத்தான் இல்லை, ஓட்டை இல்லை. காந்தத்தைப் பழுதான கணினி ஹாட் டிஸ்க் ஒன்றைக் கழற்றி எடுத்தேன். பிளாஸ்ரிக்கைத் தாண்டி ஒன்றரைச் சென்ரிமீற்றரிலேயே ரீட்டைப் பிடித்தது. ஒன்று கவனியுங்கள்: இந்த வகைக் காந்தம் எண்பது பாகை வெப்பத்துக்கு மேல் வலு இழக்கும். வைகாசி வெயிலில் கண்ணாடியடி டாஷ்போட்டில் வைக்கக்கூடாது.

றிலேச் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோட் ஒன்று, வெள்ளைக் கோடு பிளஸ் பக்கம். அதை மறந்தால், சுருள் விடுபடும்போது திருப்பி அடிக்கிற வோல்ற் ரீட்டின் தகடுகளை ஒட்டவைத்துவிடும். நான் முதல் ரீட்டை அப்படித்தான் இழந்தேன்.

முதல் வாரம் நன்றாக ஓடியது. இரண்டாம் வாரம், வட்டக்கச்சியில் இருந்து டவுனுக்கு வரும் வழியில் ஒரு குழியில் கார் விழுந்தது. காந்தம் வழுக்கியது, எஞ்சின் நின்றது. பின்னால் மணல் டிப்பர் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டே வந்தது. எஞ்சின் நின்றால் ஸ்டியரிங் கல்லாகும், பிரேக்கும் ஒன்றிரண்டு மிதிதான் லேசாகப் பிடிக்கும். இழுத்து வரம்போரம் விட்டேன். கை நடுங்கியது. கள்ளனை மறிக்கப் போட்டது என்னையே கொல்லப் பார்த்தது. இதைப் படித்துச் செய்கிறவர்கள் மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்: ஓடிக்கொண்டிருக்கும்போது எஞ்சினை நிறுத்தக்கூடிய எதையும் காரில் வைக்காதீர்கள்.

கரடிப்போக்குச் சந்தியடியில் ஆட்டோக்களுக்கு வயரிங் செய்கிற அண்ணையிடம் போனேன். படத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: “தம்பி, றிலே தன்னைத் தானே பிடிச்சுக்கொண்டு நிக்க வேணும். காந்தம் ஒருக்கால் தொட்டால் போதும்.” இன்னொரு றிலே சேர்த்தோம். இக்னிஷன் கரண்ட் காந்தத்தால் ரீட் வழியே சுருளுக்குப் போய் றிலேயைப் பிடிக்கிறது. பிடித்ததும் அதன் வெளிக் கால் 87இல் இருந்து ஒரு வயர் திரும்பி வந்து அதே சுருளுக்குக் கரண்ட் கொடுக்கிறது. இனிக் காந்தத்தை எடுத்தாலும் திறப்பை ‘ஓஃப்’ பண்ணும் வரை விடாது. பம்பின் கரண்டை மறிக்கும் பழைய றிலே இப்போது இந்தப் புது றிலேயின் சொல்லைக் கேட்கிறது.

வீட்டுக்கு வந்து பூட்டினேன். திறப்பை ‘ஓன்’ பண்ணிக் காந்தத்தைக் காட்டினால் பம்பு பாடியது. ஸ்டார்ட் அடித்தால் எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. நாலு மணித்தியாலம் தேடினேன். பிழை எங்கே என்றால், கரண்ட் எடுத்த வயரில். இக்னிஷன் பூட்டில் இருந்து வருகிற வயர்கள் எல்லாம் ஒன்றல்ல. ரேடியோ, விசிறி பக்கம் போகும் வயரில் ஸ்டார்ட் அடிக்கும் நேரம் கரண்ட் நின்றுவிடும், பற்றறியின் வலு முழுதும் ஸ்டார்ட்டருக்குப் போகட்டும் என்று. நான் அதில்தான் எடுத்திருந்தேன். ஸ்டார்ட் அடித்த கணமே றிலே தன் பிடியை விட்டுவிட்டது. ‘ஓன்’, ‘ஸ்டார்ட்’ இரண்டிலும் உயிரோடு இருக்கிற வயரை டெஸ்ட் லாம்பால் தேடி மாற்றினேன். முதல் அடியிலேயே பிடித்தது.

அதற்குப் பிறகும் ஒரு நாள், பரந்தனில் மத்தியான வெயிலில் இரண்டு மணித்தியாலம் நின்ற கார் ஸ்டார்ட் ஆகவில்லை. என் வயரிங்தான் என்று நினைத்து அதையே குடைந்தேன். டெஸ்ட் லாம்பை வைத்தால் என் றிலேக்கு வரவேண்டிய கரண்டே வரவில்லை, ஆகவே பிழை எனக்கு முன்னால். அந்தக் கால ஹொண்டாக்களின் டாஷ்போட்டடியில் மெயின் றிலே என்று ஒரு பெட்டி இருக்கிறது, எஞ்சின் கணினிக்கும் பம்புக்கும் கரண்ட் கொடுப்பது. சூட்டில் அதன் ஈயப் பற்று வெடிக்கும். கழற்றிப் பூதக்கண்ணாடியால் பார்த்தேன். காலொன்றைச் சுற்றி மோதிரம் போல மெல்லிய கறுப்பு வெடிப்பு. புது ஈயம் வைத்துப் பற்றினேன், அன்றோடு அந்த நோய் தீர்ந்தது. காரில் ஏற்கெனவே இருக்கிற வருத்தங்களைத் தீர்த்துவிட்டுத்தான் புதுச் சாமான் போட வேண்டும். இல்லாவிட்டால் எது யாருடைய பிழை என்று தெரியாது.

இதையெல்லாம் அப்பா மாமரத்தடிக் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாள் கேட்டார்.

“பெற்றோலை மட்டுமோ மறிச்சிருக்கிறாய்?”

“ஓமப்பா.”

“பெற்றோல் உடனை நிக்காதடா. தீயை மறி.”

அப்பா ஒஸ்ரின் ஏ-40 சோமர்செட் கார் வைத்து வாடகைக்கு ஓடியவர். பெற்றோல் இல்லாத காலத்தில் சேலைன் போத்தலில் சொட்டுப் பெற்றோல் கொடுத்து ஸ்டார்ட் ஆக்கி, பிறகு மண்ணெண்ணெய்யில் ஓட்டிய கார். காபுரேட்டர்க் கிண்ணத்தில் இருக்கும் எண்ணெய் முடியும் வரை எஞ்சின் ஓடும் என்று அவருக்குக் கைப்பழக்கத்தில் தெரியும். ஆகவே இரவில் நிறுத்தும்போது, பிளக்குகளுக்குத் தீயைப் பிரித்தனுப்புகிற டிஸ்ரிபியூற்றரின் மூடியைத் தூக்கி, உள்ளே சுழல்கிற ரோட்டரைக் கையால் இழுத்து எடுத்துச் சாரத்து மடியில் கட்டிக்கொள்வார். ரோட்டர் இல்லாவிட்டால் எந்தப் பிளக்குக்கும் தீ போகாது. 2009இல் போர் முடிகிற நேரம் மாத்தளனுக்கு அங்கால் காரை விட்டுவிட்டு நடக்க வேண்டி வந்தபோதும், பழக்கத்தில் மூடியைத் திறந்து ரோட்டரை எடுத்திருக்கிறார். கார் திரும்ப வரவில்லை. ரோட்டர் இருக்கிறது. அறைக்குள் போய், மருந்துக் குளிசைகளோடு ஒரு நெஸ்ரமோல்ற் டின்னில் கிடந்ததைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்தார். கறுப்பு பேக்லைற், நுனியில் பித்தளை நாக்கு, அந்த நாக்கின் ஓரம் தீ தின்று கரடுமுரடாய் இருந்தது.

பி16ஏ எஞ்சினிலும் டிஸ்ரிபியூற்றர்தான், ரோட்டர்தான். ஆனால் ஹொண்டாவில் அதை ஒரு ஸ்குறூ பிடித்திருக்கும். தினமும் கழற்றினால் புரி தேய்ந்துவிடும். ஆகவே தினசரிக்கு, தீப் பக்கமும் இன்னொரு றிலே, முதலாவதில் இருந்து வேறான இடத்தில், வேறான சுவிச்சில். அதுவும் தன்னைத் தானே பிடித்துக்கொள்கிற வகைதான். ஸ்டார்ட்டரை மறிப்பதைப் பற்றியும் யோசித்தேன். ஆனால் என்னுடையது கையால் கியர் போடுகிற கார், இரண்டு பேர் தள்ளி இரண்டாம் கியரில் கிளச்சை விட்டால் ஸ்டார்ட்டர் தேவையே இல்லை. ஓட்டோமற்றிக் காருக்கு அது நல்லது, எனக்கு உதவாது.

தீ றிலே போடமுன் ஒரு சோதனை வைத்தேன். பரந்தன் சிநேகிதனைக் கூப்பிட்டு, திறப்பையும் கையில் கொடுத்து, “காரைக் கொண்டு போ” என்றேன். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். முதல் அடியில் எஞ்சின் பிடித்து, குழாயில் மிஞ்சியிருந்த பெற்றோலில் இரண்டு வினாடி ஓடி நின்றது. பிறகு பிடிக்கவில்லை. பியூஸ் பார்த்தான், டாஷ்போட்டடியில் தலையை விட்டான். பதினான்காவது நிமிடம் பின் சீற்றைத் தூக்கினான். அதன் அடியில்தான் பம்பின் மூடித் தகடு. மூன்று மீற்றர் வயரைப் பற்றறியில் இருந்து நேரே பம்பில் மாட்டினான். எஞ்சின் முழங்கியது. பத்தொன்பது நிமிடம்.

தெரிந்தவனுக்குப் பத்தொன்பது நிமிடம், பகல் வெளிச்சத்தில், நாய் கட்டியிருக்க. நல்ல கணக்குத்தான், ஆனால் எனக்குப் போதவில்லை. தீ றிலே போட்ட பிறகு அதே சோதனை, அதே ஆள். அந்தச் சீற்றையும் தூக்கினான், வயரும் மாட்டினான், பம்பு பாடியது, கார் அசையவில்லை. நாற்பது நிமிடத்தில் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி கேட்டான். பின் சீற்றடித் தகட்டின் ஸ்குறூக்களையும் இப்போது சாதாரண திருப்புளி பிடிக்காத தலைகளாக மாற்றிவிட்டேன்.

ஜீ.பி.எஸ். கருவி ஒன்றும் போட்டேன். முதல் கிழமை அது கார் குளத்துக்குள் நிற்கிறது என்று காட்டியது. தகரக் கொட்டிலுக்குள் வானம் தெரியாமல், கிட்டின ரெலிபோன் கோபுரத்தை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்லியிருக்கிறது. காரை மாமரத்தடிக்கு மாற்றியதும் சரியான இடம் வந்தது. இன்னொரு பிரச்சினை பற்றறி. மல்ரிமீற்றரை 10 அம்பியரில் வைத்து, மைனஸ் வயரோடு தொடராக மாட்டி, கதவெல்லாம் மூடி அரை மணித்தியாலம் விட்டுப் பார்த்தேன்: 85 மில்லி அம்பியர். ஒரு நாளைக்கு 2 அம்பியர்-மணி. என்னுடையது 35 அம்பியர்-மணிப் பற்றறி, பத்து நாள் ஓடாமல் நின்றால் அரைவாசிக்கு மேல் போய்விடும், பிறகு ஸ்டார்ட் அடிக்காது. கருவியை, கார் அசையாதபோது தூங்கும்படி செற் பண்ணினேன். 30க்கு இறங்கியது.

கடுதாசி வேலையும் செய்தேன். எஞ்சின் இலக்கம், சேசி இலக்கம் இரண்டையும் தூசு தட்டிப் படம் எடுத்து அக்காவின் ரெலிபோனுக்கும் அனுப்பிவைத்தேன். மூலப் பதிவுப் புத்தகம் வீட்டில், காரில் பிரதி மட்டும். மூன்றாம் தரப்புக் காப்புறுதியில் களவுக்கு ஒரு சதமும் கிடையாது. அதை முழுக் காப்புறுதிக்கு மாற்றினேன். ரெலிபோனில் பொலிஸின் அவசர இலக்கம் 119 முதல் வரியில் இருக்கிறது.

போன மாதம் தங்கச்சியின் அலுவலாகக் கொழும்புக்கு ரயிலில் போய் ஒன்பது நாள் நிற்க வேண்டி வந்தது. புறப்படமுன் டிஸ்ரிபியூற்றர் மூடியைக் கழற்றி, அந்த ஸ்குறூவையும் விட்டு, ரோட்டரை எடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். அதே டின்னில் போட்டார். திரும்பி வந்து பூட்டி, காந்தத்தைக் காட்டி அடித்தேன், பிடித்தது. ஆனால் தீ றிலேக்குப் போகிற ஒரு வயரில் எலி கடித்து இரண்டு இழைதான் மிச்சம். ஒன்பது நாளில் பொனற்றுக்குள் வைக்கோல் கொண்டுவந்து கூடு கட்டத் தொடங்கியிருக்கிறது. வருகிற சனிக்கிழமை அந்த வயரை மாற்றி, எல்லாவற்றுக்கும் நெளிவுக் குழாய் போட வேண்டும்.